வரைபும் ஒரு கூற்றே: பாடசாலைக் கணிதத்தில் வரைபு வரைதலும் வாசித்தலும் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கலைப்பீட மாணவர் ஒருவர் கணித பாடத்து வரைபுகளைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையோடு கணிதத்திடம் விடைபெற்றுக்கொண்டு கலைத்துறையை நாடியவர்களே நம்மிற் பலர். ஆயினும் கணிதத்தின் ஒரு கூறு மட்டும் அப்பரீட்சையின் பின்னரும் நம்மை விட்டு அகல்வதில்லை. பொருளியல் விரிவுரையிலே கேள்வி, நிரம்பல் வளையிகளாகவும், புவியியலிலே மழைவீழ்ச்சிச் சலாகைகளாகவும், நாளிதழிலே விலைவாசிக் கோடாகவும் அது நம்மைத் தொடர்ந்து வருகின்றது. அக்கூறு வரைபு ஆகும். எனவே வரைபை நமக்குக் கற்பித்த முறையை மதிப்பிடும் உரிமை கணித மாணவருக்கு மாத்திரம் உரியதன்று. அதனை வாசித்தே வாழவேண்டிய நமக்கும் அவ்வுரிமை உண்டு.

இக்கட்டுரையின் வாதத்தைச் சுருக்கமாக முன்னரே கூறிவிடலாம். நமது பாடசாலைக் கணிதம் வரைபை ஒரு கைவினையாகப் பயிற்றுகின்றது. ஆனால் வரைபு என்பது ஒருவர் மற்றொருவரை நோக்கி நிகழ்த்தும் கூற்றாகும். அகப்பாடல் ஒன்றைக் கற்கும்போது இது யார் கூற்று, கேட்போர் யார், எச்சூழலில் நிகழ்கின்றது என்று வினவாமல் நாம் மேற்செல்வதில்லை. அதே வினாக்களை வரைபின் முன் எழுப்பும் பயிற்சி நமக்கு அளிக்கப்படவில்லை. இவ்விடைவெளியின் விளைவுகள் பரீட்சை மண்டபத்துக்கு வெளியேதான் தெரியவருகின்றன.

1. பரீட்சையின் வரைபு

சாதாரண தரக் கணித வினாத்தாளில் இடம்பெறும் வரைபு வினாவின் அமைப்பை எல்லோரும் அறிவோம். இருபடிச் சார்பு ஒன்று தரப்படும். அதற்குரிய பெறுமான அட்டவணையில் ஓரிடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். அதனை நிரப்பி, அச்சுக்களை வரைந்து, புள்ளிகளைக் குறித்து, அவற்றை ஒப்பமான வளையியால் இணைத்தல் வேண்டும். பின்னர் இழிவுப் பெறுமானம் யாது, சமச்சீர் அச்சின் சமன்பாடு யாது, சார்பு மறைப் பெறுமானம் கொள்ளும் ஆயிடை யாது என்ற வினாக்கள் வரும். ஆண்டுதோறும் எண்கள் மாறும். அமைப்பு பெரிதும் மாறுவதில்லை. கடந்தகால வினாத்தாள்களைப் பத்துத் தடவை செய்து பழகிய மாணவர் கண்ணை மூடிக்கொண்டும் இதற்கு விடையளிக்கலாம் என்ற நிலை உருவாகியுள்ளது.

இவ்வினாவில் அளவிடை ஒன்றில் நேரடியாகவே தரப்படும், அன்றேல் ‘பொருத்தமான அளவிடை’ ஒன்றைத் தெரிவுசெய்யுமாறு கூறப்படும். இச்சொற்றொடர் நமது கவனத்துக்குரியது. எதற்குப் பொருத்தம்? வகுப்பறையில் இதற்கு வழங்கப்பட்டுவரும் விளக்கம் ஒன்றே: வளையி தாளுக்குள் அடங்க வேண்டும், அதேவேளை தாளின் மூலையில் ஒடுங்கிவிடவும் கூடாது. அதாவது, பொருத்தம் என்பது தாளுக்குப் பொருத்தம் என்றாகின்றது. சொல்லவரும் பொருளுக்கும் வாசிப்பவரின் தேவைக்கும் பொருத்தமா என்ற கேள்வி எழுவதேயில்லை. சமன்பாட்டிலிருந்து பிறந்த வளையிக்கு அக்கேள்வி தேவையற்றதுதான். மனிதரை எண்ணிப் பெற்ற தரவுக்கு அதுவே முதற்கேள்வியாகும்.

தரவு பற்றிய அலகுகள் பாடத்திட்டத்தில் இல்லாமலில்லை. கீழ்வகுப்புகளில் படவரைபும் சலாகை வரைபும் வட்ட வரைபும், மேல்வகுப்புகளில் வலையுரு வரையமும் மீடிறன் பல்கோணியும் திரள் மீடிறன் வளையியும் கற்பிக்கப்படுகின்றன. ஆயின் அவற்றின் கீழ் எழுப்பப்படும் வினாக்களை நோக்கின், மிக உயர்ந்த சலாகை எது, இரண்டுக்குமிடையிலான வித்தியாசம் எவ்வளவு, இடையம் யாது என்பனவே பெரும்பான்மையாக உள்ளன. பிரான்சிஸ் கேர்சியோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1987 ஆம் ஆண்டில் வரைபு வாசிப்பை மூன்று படிகளாக வகுத்தார். தரவை வாசித்தல் முதற்படி. தரவுகளுக்கிடையே வாசித்தல் இரண்டாம் படி. தரவுக்கு அப்பால் வாசித்தல் மூன்றாம் படி. தரவுக்குப் பின்னால் உள்ளதை வாசித்தல் என்ற நான்காம் படியைப் பின்வந்தோர் சேர்த்தனர். நமது பயிற்சி முதலிரு படிகளோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றது என்பது வெளிப்படை.

வெண்பா ஒன்றை அசை பிரித்து, அலகிட்டு, தேமா புளிமா என வாய்பாடு கூறக் கற்ற மாணவர் அந்த வெண்பாவைக் கற்றுவிட்டார் என்று நாம் ஒப்புக்கொள்வதில்லை. யாப்பறிவு வேண்டியதே, ஆனால் செய்யுள் எதைச் சொல்கின்றது என்பது அலகிடுதலோடு முடிந்துவிடுவதில்லை. வரைபுக் கல்வி அலகிடுதலோடு முடிந்துவிடுகின்றது என்பதே இங்கு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு.

2. வாதமாகப் பிறந்த வடிவம்

வரைபின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1786 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேபெயர் என்பவர் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிப் பெறுமதிகளைக் காலக்கோடுகளாக வரைந்து நூலொன்றை வெளியிட்டார். அவருடைய நோக்கம் கணிதங் கற்பிப்பதன்று. எந்த நாட்டோடு செய்யும் வாணிபம் இலாபமாகின்றது, எங்கே நட்டமாகின்றது என்பதை ஒரே பார்வையில் உணர்த்த அவர் விரும்பினார். அந்நூலிலே ஸ்கொத்லாந்தின் வாணிபத்தைக் காட்டும் படம் மட்டும் கோடாக அமையாது சலாகைகளாக அமைந்தது. அதற்குக் காரணம் உண்டு. ஸ்கொத்லாந்துக்கு ஓராண்டுத் தரவே அவர் கையில் இருந்தது. காலவோட்டம் இல்லாத இடத்தில் இணைப்பதற்கு ஒன்றுமில்லை.

இச்சிறு செய்தி நமது வகுப்பறைக்கு மிகவும் பயனுடையது. இருபடிச் சார்பிலே குறித்த இரு புள்ளிகளுக்கிடையில் எண்ணிலடங்காத புள்ளிகள் உண்மையாகவே உள்ளன. ஆகவே அவற்றை இணைக்கும் வளையிக்குப் பொருள் உண்டு. ஒன்பது மாகாணங்களின் நெல் விளைச்சலைப் புள்ளிகளாகக் குறித்துக் கோட்டால் இணைத்தால், வட மாகாணத்துக்கும் வடமத்திய மாகாணத்துக்கும் இடையே அக்கோடு எதைக் குறிக்கும்? எதையுமே குறிக்காது. ஆண்டுத் தரவுகளை இணைக்கும் கோடோ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது; இடையில் நிகழ்ந்தது சீரானதென்று வரைந்தவர் கொண்ட ஊகத்தை அது சுமந்துநிற்கின்றது. ‘புள்ளிகளை இணைக்க’ என்ற கட்டளையை ஆயிரம் முறை கேட்ட மாணவர் ‘எப்போது இணைக்கலாகாது’ என்ற வினாவை ஒருமுறையேனும் கேட்டிருக்க வேண்டாமா?

புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் படங்களும் இவ்வாறானவையே. கிரைமியப் போரில் இறந்த பிரித்தானியப் படையினரிற் பெரும்பான்மையோர் காயத்தால் இறவாது, தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தனர் என்பதை அரசுக்கு உணர்த்த, மாதந்தோறும் நிகழ்ந்த இறப்புகளை வட்டமாக அடுக்கிய ஆப்பு வடிவங்களால் 1858 ஆம் ஆண்டில் அவர் காட்டினார். அவர் முன்னர் வரைந்த ஒரு வடிவிலே மையத்திலிருந்து செல்லும் நீளமே எண்ணிக்கைக்கு விகிதசமமாக இருந்தது. கண்ணோ பரப்பைக் காண்கின்றது. நீளம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். ஆகவே பின்னைய வடிவிலே பரப்பையே எண்ணிக்கைக்கு விகிதசமமாக்கினார்.

சமனற்ற வகுப்பாயிடைகளைக் கொண்ட வலையுரு வரையத்தை வரையும்போது, அகன்ற வகுப்பின் நிரலுயரத்தைக் குறைக்குமாறு நமக்குச் சொல்லித்தரப்பட்டது. ஏன் குறைக்கவேண்டும் என்று கேட்டவர் சிலர். அது விதி என்ற விடையைப் பெற்றவர் பலர். பரப்பே பேசுகின்றது, உயரம் மட்டும் பேசுவதில்லை என்ற காரணம் நைற்றிங்கேல் அம்மையாரின் படத்தைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். காரணம் விளங்காத விதி பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துபோகின்றது.

3. நம் நாட்டின் ஒரு வரைபு

நம் நாட்டுக்குரிய எடுத்துக்காட்டொன்றை விரிவாக நோக்குதல் பொருத்தமாகும். இலங்கையின் இறப்பு வீதத்தையும் மலேரியாவையும் இணைத்துக் காட்டும் வரைபு குடித்தொகையியல் கற்போர் பலருக்குப் பழக்கமானது. 1946 ஆம் ஆண்டில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947 இல் ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தது. டீ.டீ.ரீ. தெளிக்கும் திட்டம் நாட்டில் விரிவாகத் தொடங்கிய காலமும் அதுவே. 1945 இலிருந்து 1950 வரையான ஆறு புள்ளிகளை மட்டும் குறித்து வரைந்தால், செங்குத்தாக விழும் கோடொன்று தோன்றும். ஒரு மருந்து ஒரு நாட்டையே காப்பாற்றியது என்று அக்கோடு கூறும்.

அதே தரவை 1920 இலிருந்து தொடங்கி வரைந்து பார்ப்போம். அக்காலத்தில் 30 ஐ அண்மித்திருந்த வீதம் 1930 இல் ஏறத்தாழ 25 ஆகவும் 1940 இல் ஏறத்தாழ 20 ஆகவும் இறங்கிவந்துள்ளது. இடையிலே 1934–35 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் பெரும் சிகரமாக எழுகின்றது. 1947 இன் வீழ்ச்சி இப்போதும் பெரியதே. எனினும் அது ஒரு நீண்ட சரிவின் பகுதியாகத் தென்படுகின்றது. வைத்தியசாலைகளின் பெருக்கம், உணவுப் பங்கீடு, எழுத்தறிவு ஆகிய ஏனைய காரணங்களையும் எண்ணிப்பார்க்க இவ்வரைபு இடமளிக்கின்றது. இது கற்பனையான சர்ச்சையன்று. பீற்றர் நியூமன் முதலியோர் வீழ்ச்சியின் கணிசமான பங்கை மலேரியா ஒழிப்புக்கு உரியதாக்கினர். எஸ். ஏ. மீகம 1967 ஆம் ஆண்டில் எழுதிய ஆய்விலோ மலேரியா குறைந்திருந்த பகுதிகளிலும் இறப்பு வீழ்ந்தமை சுட்டப்பட்டது. இரு சாராரின் கையிலும் இருந்தவை பெரும்பாலும் ஒரே அரசாங்கப் பதிவேட்டின் எண்களே. எந்த ஆண்டில் தொடங்குவது, எந்தப் பகுதிகளைப் பிரித்து நோக்குவது என்பதிலேயே வாதம் தங்கியிருந்தது.

அளவிடையின் பொறுப்பை இதே நோயின் கதை இன்னுந் தெளிவாகக் காட்டும். 1940களின் நடுப்பகுதியில் ஆண்டொன்றுக்கு இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்த மலேரியா, 1963 ஆம் ஆண்டில் 17 பேரோடு நின்றது. தெளித்தல் கைவிடப்பட்டது. 1969 ஆம் ஆண்டில் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. இவற்றை ஒரே வரைபுத்தாளில் வரைய முற்படும் மாணவர், ஒரு சென்ரிமீற்றர் 2 இலட்சம் பேரைக் குறிக்கும் அளவிடையை எடுப்பார் எனக் கொள்வோம். தாளுக்கு அது ‘பொருத்தமான’ அளவிடையே. அதில் 17 பேரின் உயரம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கிலும் குறைவு. கூரிய பென்சிலின் கோட்டுத் தடிப்புக்குள் அது மறைந்துவிடும். வரைபு பூச்சியம் என்று சொல்லும். உண்மையில் அது பூச்சியமன்று. பத்தின் அடுக்குகளால் அமைந்த மடக்கை அளவிடையில் வரைந்தால் 17 என்ற புள்ளி அச்சுக்கு மேலே தெளிவாக நிற்கும். மடக்கை அட்டவணையைப் புரட்டிப் பெருக்கலும் வகுத்தலும் செய்யப் பழகிய தலைமுறைகள் நம்மிடையே உண்டு. அம்மடக்கையைக் கொண்டு எஞ்சியிருக்கும் ஆபத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்தலாம் என்பது எத்தனை வகுப்பறைகளில் சொல்லப்பட்டது?

2016 ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டமை நமக்குப் பெருமை தரும் செய்தி. ஆயினும் 1963 ஆம் ஆண்டின் சிறு எண் கற்பித்த பாடம் இன்றும் வேண்டியதே.

4. குறிக்கப்படாத புள்ளிகள்

வரைபிலே உள்ளவற்றை மட்டுமன்றி, விடப்பட்டவற்றையும் வாசிக்க வேண்டும் என்பதற்கு 1986 ஆம் ஆண்டு ஜனவரி 28 ஆம் திகதி எழுவரைப் பலிகொண்ட சலஞ்சர் விண்கல விபத்து சான்றாகும். கடுங்குளிரில் ஏவினால் உந்துகணை மூட்டுக்களின் இறப்பர் வளையங்கள் சேதமுறுமா என்று முதல்நாளிரவு பொறியியலாளர் விவாதித்தனர். வளையங்கள் சேதமுற்ற பறப்புகள் மட்டுமே கருத்திற் கொள்ளப்பட்டன. அவை குளிரிலும் வெப்பத்திலும் பரவியிருந்தமையால் வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தொடர்பில்லைப் போலத் தோன்றியது. பின்னர் விசாரணை ஆணைக்குழு சேதமுறாத பறப்புகளையும் சேர்த்து நோக்கியது. 66 பாகை பரன்ஹைற்றும் அதற்கு மேலுமான வெப்பநிலையில் நிகழ்ந்த 20 பறப்புகளில் மூன்றிலேயே சேதம்; 63 பாகையும் அதற்குக் கீழுமாக நிகழ்ந்த நான்கிலும் சேதம். விடுபட்ட புள்ளிகள் தாளில் ஏறியவுடன் தொடர்பு தெளிவாயிற்று.

நமது பரீட்சை வினாவின் அட்டவணையில் ஓரிடம் வெறுமையாக இருக்கும் என்று முன்னர் கூறினோம். அவ்வெற்றிடத்தைப் பரீட்சகரே கட்டங்கட்டிக் காட்டிவிடுகின்றார். வாழ்க்கை தரும் அட்டவணைகளில் வெற்றிடம் எங்கே உள்ளதென்று யாரும் கட்டங்கட்டித் தருவதில்லை.

5. இறங்கும் கோடும் இறங்காத விலையும்

2022 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. 2023 செப்ரெம்பரில் அது 1.3 சதவீதமாகக் குறைந்தது. இவ்வீழ்ச்சியைக் காட்டும் வரைபுகள் எங்கும் வெளிவந்தன. மலையுச்சியிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் கோடு அது. அதனைக் கண்ட பலர், பொருள்களின் விலைகள் பழைய நிலைக்கு மீண்டுவிட்டதாக அவ்வரைபு கூறுகின்றது என்று கருதினர். கடைக்குச் சென்றபோது அது பொய்யென்று சினந்தனர்.

வரைபு பொய் கூறவில்லை. அது வேறொன்றைக் கூறியது. 2021 செப்ரெம்பரில் 100 ரூபாவாக இருந்த நுகர்வுக் கூடையொன்று 2022 செப்ரெம்பரில் ஏறத்தாழ 170 ரூபாவாகவும், 2023 செப்ரெம்பரில் ஏறத்தாழ 172 ரூபாவாகவும் ஆயிற்று. விலையை வரைந்தால் கோடு செங்குத்தாக ஏறிப் பின் உயரத்திலேயே சமதளமாகும். பணவீக்கத்தை வரைந்தாலோ கோடு விழும். முதலாவது வளையியின் படித்திறனையே இரண்டாவது வளையி காட்டுகின்றது. நேர்கோட்டின் படித்திறனைக் காணும் கணக்கை நாமெல்லோரும் செய்தோம். ஆள்கூறுகளின் வித்தியாசத்தை வகுத்து விடையும் எழுதினோம். அப்படித்திறனுக்கு ஒரு குடும்பத்தின் செலவுப் புத்தகத்தில் என்ன பொருள் என்பதை நாம் அறியவில்லை. விலை ஏறும் வேகம் தணிந்ததும் விலை தணிந்ததும் ஒன்றெனக் கொள்ளும் சமுதாயத்திலே, சம்பள உயர்வு கோரும் தொழிலாளியை ‘பணவீக்கம் குறைந்துவிட்டதே’ என்ற ஒற்றை வரியால் வாயடைக்கச் செய்யலாம். வரைபு வாசிக்கத் தெரியாமையின் விலையை யார் கொடுக்கின்றனர் என்பது இவ்விடத்தே புலனாகும்.

6. எழக்கூடிய மறுப்புகள்

இவ்வாறான வாசிப்பைப் பரீட்சையில் மதிப்பிட முடியாது, புள்ளித்திட்டம் அமைக்க இயலாது என்று கூறப்படலாம். இம்மறுப்புப் புறக்கணிக்கத்தக்கதன்று. நாடெங்கிலும் இலட்சக்கணக்கான விடைத்தாள்கள் ஒரே அளவுகோலால் திருத்தப்பட வேண்டியுள்ளன. ஆனால் மேற்குறித்த பணவீக்க எண்களைத் தந்து, கூடையின் விலையைக் கணித்து இரண்டாவது வரைபை வரையுமாறும், எந்த ஆண்டில் விலை குறைந்தது என்று கூறுமாறும் கேட்டால், ‘எந்த ஆண்டிலும் இல்லை’ என்ற விடைக்குப் புள்ளி வழங்குவதில் என்ன இடர்ப்பாடு? ஒரே தரவை இரு அளவிடைகளில் வரையச் செய்து, எது வீழ்ச்சியைப் பெரிதாகக் காட்டுகின்றது, ஏன் என்று கேட்டால் விடை இரண்டு வரிகளில் அடங்கும். மலேரியாத் தரவில் 17 ஐ எந்த அளவிடை மறைக்கின்றது என்பதும் அளந்தே விடையளிக்கக்கூடிய வினா. எனவே தடை பரீட்சையின் இயல்பில் இல்லை, பழக்கத்தில் உள்ளது.

மற்றொரு மறுப்பு இதற்கு நேர்மாறானது. இன்று கணினி கணப்பொழுதில் வரைபைத் தருகின்றது. இனி மாணவர் பென்சிலும் அடிமட்டமும் ஏந்தி வரைவது வீண் என்பர் சிலர். இதனையும் ஏற்பதற்கில்லை. பிரான்சிஸ் அன்ஸ்கோம் என்னும் புள்ளிவிபரவியலாளர் 1973 ஆம் ஆண்டில் பதினொரு புள்ளிகள் கொண்ட நான்கு தரவுத்தொகுதிகளை அமைத்துக் காட்டினார். நான்கிலும் இடைகள் ஒன்றே. பொருத்தும் நேர்கோடும் ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று சிதறிய நேர்கோடு, ஒன்று வளையி, மற்றிரண்டிலும் தனித்து விலகிநிற்கும் ஒரு புள்ளி முழு முடிவையும் இழுத்துச் செல்கின்றது. எண்ணை மட்டும் நம்பியவர் இவற்றை அறியார். புள்ளி புள்ளியாகத் தன் கையாற் குறித்தவருக்கு ஒவ்வொரு புள்ளியும் எங்கே விழுகின்றது என்பது தெரியும். அளவிடையைத் தானே தெரிந்து, தவறான அளவிடையால் தாளைப் பழுதாக்கி, மீண்டும் வரைந்தவருக்கே அளவிடை ஒரு தெரிவு என்பது உறைக்கும். ஆகவே வரைதலைக் கைவிடுமாறு இங்கு கோரப்படவில்லை. வாசித்தலுக்கு வழியாக அது அமைய வேண்டும் என்பதே கோரிக்கை.

குடியேற்ற ஆட்சிக் காலத்துக் கல்வி, நிரல்களையும் நிரைகளையும் பிழையின்றி நிரப்பும் எழுதுவினைஞரை உருவாக்கியது என்று நாம் அடிக்கடி கூறுவதுண்டு. அட்டவணையை நிரப்பி, வளையியை ஒப்பமாக வரைந்து, வினவாது கையளிக்கும் மாணவர் அவ்வெழுதுவினைஞரின் வழித்தோன்றலே எனின் மிகையன்று. மொழிப்பாடத்திலே பிரதியைக் கேள்விக்குட்படுத்தும் மரபு நம்மிடம் உண்டு. அம்மரபைக் கணித வகுப்பறைக்கும் கொண்டுசெல்லுதல் கணித ஆசிரியருக்கு மட்டும் உரிய பணியன்று. பாடசாலைகளுக்குப் பொருளியல், புவியியல், வரலாறு கற்பிக்கச் செல்லவிருக்கும் கலைப்பீட மாணவரும் அதிற் பங்குகொள்ளலாம். தம் பாடநூலில் வரும் ஒவ்வொரு வரைபின் முன்னும் மூன்று வினாக்களை எழுப்ப அவர்கள் மாணவரைப் பழக்கினாற் போதும்: அச்சு எங்கே தொடங்குகின்றது? அளவிடையை யார் தெரிந்தார்? எந்தப் புள்ளி இங்கே இல்லை?